ஆஃபா மன்னருக்கு எதிராக ஓர் அக்கா

கிரிக்கெட் பார்க்கிறவர்களில் இரண்டு கட்சிதான் உண்டு என்று நினைத்திருந்தேன். குவைத்தில், மங்காஃபில் எங்கள் கட்டடத்து மூன்றாம் மாடி அக்காவைப் பார்த்த பிறகுதான் மூன்றாவது கட்சி ஒன்று இருப்பதே தெரிந்தது.

இந்தியா ஆடுகிற நாள்களில் எங்கள் கட்டடத்துத் தமிழ் ஆள்கள் எல்லாரும் அக்கா வீட்டு ஹாலில்தான் கிடப்போம். நாங்கள் இந்தியாவுக்காகத் தொண்டை கிழியக் கத்துவோம். அக்கா அடுக்களை வாசலில் கரண்டியோடு நின்றுகொண்டு, எந்த அணி அடிவாங்குகிறதோ அந்த அணிக்காகப் பதறுவாள். எதிரணியில் கடைசியாக ஆட வருகிற, எங்களுக்குப் பேர்கூடத் தெரியாத பையனைப் பார்த்து, பயப்படாம நின்னு ஆடுல என்பாள். அவனும் நின்று ஆடி, ஆட்டம் அவர்கள் பக்கம் சாய்ந்ததோ, போச்சு. அடுத்த ஓவரில் அக்கா இந்தியா கட்சி. அண்ணனுக்கு, அதாவது அக்காவின் வீட்டுக்காரருக்கு, பற்றிக்கொண்டு வரும். ஏதாவது ஒரு பக்கம் உருப்படியாக நிற்கக் கூடாதா என்பார்.

"ஒரே பக்கந்தான் நிக்கேன். ஜெயிக்கவனுக்கு ஊரே இருக்கு. தோக்கவனுக்கு ஒரு ஆளாவது வேண்டாமா?" என்பாள் அக்கா.

பாளையங்கோட்டைப் பேச்சு. குவைத்தில் அத்தனை வருஷம் இருந்தும் அதில் ஓர் எழுத்துகூடக் கரையவில்லை. அக்கா பேரை இங்கே எழுதவில்லை; எழுதினால் சண்டைக்கு வருவாள். கட்டடத்தில் எங்களுக்கு அக்கா, மலையாளிகளுக்குச் சேச்சி, எகிப்துக்கார வாட்ச்மேனுக்கு மாமா, அதாவது அவன் பேச்சில் அம்மா.

அந்த வாட்ச்மேன் கதையைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல முடியாது. முதல் மாடித் தமிழ்க் குடும்பத்துக்கும் அவனுக்கும் கார் நிறுத்துகிற இடத்தில் தகராறு. நாங்கள் எல்லாரும் ஒன்றுகூடி அவனை உண்டு இல்லை என்று ஆக்கிக்கொண்டிருந்தோம். அக்கா மட்டும் தினமும் ஃப்ளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு கீழே இறங்கி அவனிடம் கொடுத்துவிட்டு வருவாள். தமிழச்சியாக இருந்துகொண்டு இப்படிச் செய்யலாமா என்று முதல் மாடி அம்மாள் அழாத குறை. பிறகு கட்டட முதலாளி வந்தார், வாட்ச்மேன் சொன்னதுதான் சரி என்றார், முதல் மாடிக்காரர் காரைத் தெருவில் கொண்டுபோய் நிறுத்தினார். அன்றைக்கே ஃப்ளாஸ்க் முதல் மாடிக்குப் போய்விட்டது. லேஷ் மாமா, ஷாய் மாஃபி என்று அவன் பாவமாகக் கேட்டான். ஏன் அம்மா, டீ இல்லையா என்று அர்த்தம். நீதான் ஜெயிச்சிட்டியே, கடையில வாங்கிக் குடி என்று சுத்தத் தமிழில் சொல்லிவிட்டு மேலே ஏறிவிட்டாள்.

இதையெல்லாம் அப்போது நான் வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் குணம் என் தலையில் வந்து விடியும் என்று யார் கண்டார்கள்.

நானும் அண்ணனும் ஒரே கம்பெனி. கட்டடங்களுக்கு ஏசி குழாய் போடுகிற கான்ட்ராக்ட் கம்பெனி. வேலைக்கு என்ன செலவாகும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிற எஸ்டிமேஷன் பிரிவில் நாங்கள் இரண்டே பேர். அண்ணன் சீனியர், நான் ஜூனியர். என்னை ஊரிலிருந்து விசா எடுத்துக் கூப்பிட்டு வந்தவரே அண்ணன்தான். ரூம் கிடைக்கும் வரை அவர் வீட்டு ஹாலில்தான் படுத்தேன். அக்கா கையால் சாப்பிட்டுத்தான் குவைத் வெயிலில் நிற்கப் பழகினேன்.

அந்த வருஷம் உலகம் முழுக்க வியாபாரம் படுத்துவிட்டது. துபாயில் பாதிக் கட்டடம் அந்தரத்தில் நிற்கிறது என்றார்கள். எங்கள் கம்பெனிக்கும் புது வேலை வரவில்லை. எஸ்டிமேஷனுக்கு ஓர் ஆள் போதும், இரண்டு பேரில் ஒருவர் ஊருக்குப் போக வேண்டியதுதான் என்று ஜெனரல் மேனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டு நேராகவே சொல்லிவிட்டார். யார் என்று மட்டும் சொல்லவில்லை. எனக்குத் தென்காசியில் பெண் நிச்சயமாகியிருந்தது. குவைத் மாப்பிள்ளை, கல்யாணம் முடிந்ததும் பெண்ணை இங்கே கூட்டி வந்துவிடுவான் என்றுதான் அவர்கள் சம்மதித்ததே. வேலை போனால் கல்யாணமும் போகும். அண்ணனுக்கோ இரண்டு பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்து, முகத்தைப் பார்க்காமல் வேலை செய்தோம்.

ஜெனரல் மேனேஜர் ஒரு வெள்ளைக்காரர். நாங்கள் துரை என்போம். அவருக்கு ஒரே பித்து, சரித்திரம். குவைத்தில் இருக்கிற இங்கிலீஷ்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு கழகம் மாதிரி வைத்துக்கொண்டு, ஒவ்வொருவரும் தன் ஊர்ச் சரித்திரத்தைப் பற்றிப் பேசுவார்கள். அந்தத் தடவை துரையின் முறை. பேசப்போவது ஆஃபா என்ற ராஜாவைப் பற்றி. இங்கிலாந்து ஒரே நாடாக ஆவதற்கு முன்னால், மெர்சியா என்ற பகுதியை ஆண்ட ஆங்கிலோ சாக்ஸன் ராஜா. அவருடைய தங்கக் காசு ஒன்று லண்டனில் இருக்கிறது. அதில் எழுத்தெல்லாம் அரபி. பாக்தாத் கலீஃபாவின் காசைப் பார்த்து, அரபி தெரியாத எவனோ ஒரு தட்டான் அப்படியே நகலெடுத்திருக்கிறான். அல்லாவைத் தவிர இறைவன் இல்லை என்கிற கலிமாவெல்லாம் அப்படியே இருக்கிறது, நடுவில் ராஜா பேர் மட்டும் தலைகீழாக. அரபி எழுதிய இங்கிலீஷ் காசு என்றதும் எங்கள் கஃபீலே, கம்பெனிக்கு முதலாளியான குவைத்துக்காரரே, வருவதாகச் சொல்லிவிட்டார்.

விடுவாரா அண்ணன். கூட்டம் நடத்துவதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முன்னால் போய் நின்றார். ஊரில் கோயில் கொடைக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் பந்தல் போட்ட கை அது. ஃபஹாஹீல் ஹோட்டல் ஒன்றில் ஹால். ஆபீஸ் ஆள்கள் அத்தனை பேரும் குடும்பத்தோடு வர வேண்டும், முடிந்ததும் பிரியாணி. மேடைக்குப் பின்னால் ஆறடி ஃப்ளெக்ஸ் பேனர். அதில் துரையின் முகம் பெரிதாக, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் போல ஆஃபாவின் தங்கக் காசு. துரைக்குப் போர்த்துவதற்கு ஜரிகை வைத்த பொன்னாடையும் வாங்கி வைத்திருந்தார். பேனரைப் பார்த்து இங்கிலீஷ்காரர்கள் திகைத்துப்போய் நின்றார்கள். எங்கள் ஆள்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

பேனரில் இருந்த தப்பை நான்தான் முதலில் பார்த்தேன். ராஜாவின் பேர் தலைகீழாக இருக்கிறதே, பார்க்கிறவர்கள் அச்சுத் தப்பு என்பார்களே என்று அண்ணன் காசைத் திருப்பிப் போடச் சொல்லியிருக்கிறார். இப்போது ராஜா பேர் ஜம்மென்று நேராக நின்றது. கலிமா முழுக்கத் தலைகீழ். வாசலில் கஃபீலின் கார் வந்து நிற்கிறது. அண்ணனிடம் சொன்னேன், மனிதர் வேர்த்து ஊற்றி அப்படியே நின்றுவிட்டார். நான் பொன்னாடையைப் பிடுங்கிக்கொண்டு மேடையில் ஏறி, நாற்காலி போட்டு நின்று, காசு மறைகிற மாதிரி பேனரின் மேல் விளிம்பில் தொங்கவிட்டுக் குண்டூசி குத்தினேன். கஃபீல் உள்ளே வந்தார். பொன்னாடை அலங்காரத்தைப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றார். துரைக்குப் போர்த்தப் பொன்னாடை இல்லை, அவ்வளவுதான் நஷ்டம். அண்ணன் என் கையைப் பிடித்து அழுத்தினார். அந்த நிமிஷம் வேலையாவது ஒன்றாவது, நாங்கள் பழைய அண்ணன் தம்பிதான்.

பேச்சு தொடங்கியது. திரையில் காசு வந்ததும் கஃபீல் எழுந்து அருகே போய் வாய்விட்டுப் படித்தார். ஆயிரம் வருஷத்துக்கும் முந்தைய எழுத்தை அவர் கடகடவென்று படித்ததும் ஹாலே கைதட்டியது. பிறகு ஆஃபா தன் நாட்டு எல்லையில் எழுப்பிய மண்கரை வந்தது. மலைமேடெல்லாம் தாண்டி மைல் கணக்கில் போகிறது. அடேயப்பா, எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. நான் பெண்கள் வரிசைக்கு ஓரமாக உட்கார்ந்து அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்காவுக்குக் காசிலும் மனம் இல்லை, கரையிலும் மனம் இல்லை. ஏசி குளிரில் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு பிரியாணிக்குக் காத்திருந்தாள்.

அப்போது துரை போகிற போக்கில் ஒரு விஷயம் சொன்னார். கிழக்கே வேறொரு நாட்டின் இளவயது ராஜா எதல்பர்ட். அவனை ஆஃபா தலையை வெட்டிக் கொன்றார். ஆஃபாவின் மகளைக் கட்டிக்கொள்ள விருந்தாளியாக வந்தவனை அப்படிச் செய்தார் என்று பிற்காலத்தில் கதை சொல்கிறார்கள். சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். நானும் அதைத் தமிழில் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனேன். அக்கா போகவில்லை.

"கொன்னுட்டானா?" என்றாள். ஹால் முழுக்கக் கேட்டது.

துரை நிறுத்தினார். என்ன அம்மா என்றார். அக்கா எழுந்து நின்றுவிட்டாள். முன்வரிசையிலிருந்து அண்ணன் உட்கார், உட்கார் என்று கையால் கும்பிடுகிறார். இரண்டு பேரில் ஒருவருக்குச் சீட்டுக் கிழியப்போகிற நேரம், அதைக் கிழிக்கப்போகிறவர் மேடையில், அவர் ராஜாவைத் திட்டுவதற்கு அக்கா சேலையைச் சரிசெய்கிறாள். மொழிபெயர்க்கச் சொல்லித் துரை என்னைக் கைகாட்டினார். என் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

"வீட்டுக்கு வான்னு கூப்பிட்டவன் இவன். மாப்பிள்ளைன்னு வந்த பிள்ளைய வெட்டிருக்கான். இவனுக்கு ஒரு கூட்டமா, இவனுக்கு ஒரு பேனரா, அதுல இந்த மனுசன் மூஞ்சி வேறயா? கேளு."

மாப்பிள்ளையைப் பற்றி இன்னும் கொஞ்சம் தெரிந்துகொள்ள அம்மையார் விரும்புகிறார் என்று இங்கிலீஷில் சொன்னேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் இம்புட்டுப் பேசினேன், நீ இத்துனூண்டு சொல்லுத, ஒழுங்கா சொல்லு என்றாள். வேறு வழி இல்லை. பேனர் வரைக்கும் சொன்னேன். இங்கிலீஷ்காரர்கள் சிரித்தார்கள். துரை சிரிக்கவில்லை.

"இன்னொண்ணும் கேளு. அந்தப் பொண்ணு என்ன ஆனா?"

துரை கண்ணாடியைக் கழற்றினார். முகம் சிவந்திருந்தது. கோபம் என்றுதான் நினைத்தேன். இல்லை, மனிதருக்கு உற்சாகம். இந்தப் பேச்சை எத்தனையோ இடத்தில் பேசியிருக்கிறேன், எல்லாரும் காசைக் கேட்பார்கள், கரையைக் கேட்பார்கள், அந்தப் பெண்ணைக் கேட்டவர் நீங்கள்தான் என்றார். அவள் அப்பன் வீட்டை விட்டுப் போய், தூரத்தில் ஒரு சதுப்புநிலத்தில் தனியறையில் அடைந்து சாமி கும்பிட்டே வாழ்ந்தாள் என்பது கதை. பிறகு பேச்சுத்தாளை மூடி வைத்துவிட்டு இன்னொன்றும் சொன்னார். அவர் ஊர் ஹெரிஃபோர்ட். அந்தக் கொலை நடந்ததாகச் சொல்கிற இடத்துக்குப் பக்கத்து ஊர். ஆஃபாவின் சீமைதான் அது. ஆனாலும் அந்த ஊர்ப் பெரிய கோயிலில் ராஜா பேர் இல்லை, வெட்டுப்பட்ட பையனின் பேர்தான் இருக்கிறது. எங்கள் ஊர் ஜனங்கள் அவன் பக்கம் நின்றார்கள் என்றார். தமிழில் சொன்னேன்.

"நல்ல ஊரு" என்று அக்கா உட்கார்ந்தாள்.

துரை மேடையிலிருந்து இறங்கி வந்து அவளிடம் குனிந்து கைகொடுத்தார். பிரியாணி வரிசையில் அண்ணன் என்னிடம், தப்பிச்சோம்ல என்று பெருமூச்சு விட்டார்.

அடுத்த வாரம் துரை அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டார். நீதான் சீனியர், பிரிவை நடத்துகிறவன், இரண்டு பேரில் யார் போவது என்று நீயே சொல் என்று கேட்டிருக்கிறார். அண்ணன் என்ன செய்வார். பிள்ளைகள் முகம் கண்முன் வந்திருக்கும். தம்பி சின்ன வயசு, வேறு எங்காவது கிடைத்துவிடும் என்றாராம். சாயங்காலம் துரை என்னைக் கூப்பிட்டு வருத்தத்தோடு விஷயத்தைச் சொன்னார். அண்ணன் சொன்னதை மறைக்காமல் சொன்னார். சத்தியமாக, எனக்கு எதையாவது போட்டு உடைக்க வேண்டும் போல இருந்தது. கூப்பிட்டு வந்தவரே இப்படிச் சொல்லிவிட்டாரே என்று இரண்டு நாள் மூன்றாம் மாடிப் பக்கமே போகவில்லை. தென்காசிக்கு என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

அண்ணனே வீட்டில் சாப்பிடும்போது விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அக்கா இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாளாம்.

மறுநாள் காலையில் அக்கா ஆபீஸ் வாசலில் டாக்ஸியை விட்டு இறங்கினாள். அண்ணன் எழுந்து ஓடுவதற்குள் துரையின் கண்ணாடி அறைக்குள் போய்விட்டாள். கதவைச் சாத்தவும் இல்லை. மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடவில்லை, சொந்த இங்கிலீஷ்தான்.

"சார், மை ஹஸ்பண்ட் ஆஃபா."

குவைத்திலேயே இந்த வார்த்தை அதிகம் உறைக்கிற மனிதரிடம் வந்து சொல்லியிருக்கிறாள் பாருங்கள். துரை கண்ணாடி வழியாக முதலில் அண்ணனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஹி காலிங். தம்பி கம்மிங். மை ஹவுஸ் ஈட்டிங். நவ் மேரேஜ். நவ் கட்" என்று அக்கா கையைக் கழுத்தில் வைத்து இழுத்துக் காட்டினாள்.

ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று துரை மெதுவாகச் சொன்னார். அவன் இருந்தால் உன் வீட்டுக்காரர் போக வேண்டியிருக்கும், தெரியுமா என்றார்.

"ஐ நோ சார். யூ ஹெரிஃபோர்ட். தட்ஸ் வொய் ஐ கம்."

அண்ணன் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு வார்த்தை, இவள் சொல்வதைக் கேட்காதீர்கள் என்று சொல்லியிருந்தால் கதை வேறு. அவர் சொல்லவில்லை. துரை அவரை உள்ளே கூப்பிட்டுக் கேட்டபோது, அவ சொன்னது சரிதான் சார், நான்தான் அவனைக் கூப்பிட்டு வந்தேன் என்றாராம். வேலை எனக்கே நிலைத்தது. தென்காசிக்கு போன் போட்டுக் கல்யாணத் தேதியைச் சொன்னேன்.

சந்தோஷம் ஒரு பக்கம், அக்கா காலில் விழ வேண்டும் என்ற வேகம் ஒரு பக்கம். ஒரு கிலோ அல்வா வாங்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஓடினேன். கதவு பாதிதான் திறந்தது. அக்கா என்னையும் பார்த்தாள், அல்வாவையும் பார்த்தாள்.

"யாரு, ஆஃபாவா?"

நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. பிள்ளைகளோட படிப்ப நிப்பாட்டிட்டு ஊருக்குப் போற மனுசனுக்கு அல்வா கொண்டு வந்திருக்கியோ என்றாள். அக்கா, நீங்கதானே என்று ஆரம்பித்தேன். அது நேத்து என்று கதவைச் சாத்திவிட்டாள். படியில் நின்றேன். எகிப்துக்கார வாட்ச்மேன் அன்றைக்கு எப்படி நின்றிருப்பான் என்று அப்போதுதான் புரிந்தது.

அண்ணனுக்கு அக்கா மேல் கோபம் இருக்கத்தான் செய்தது. ஆனால் எத்தனை நாள் கோபித்துக்கொள்ள முடியும்? அத்தனை வருஷமாக எதிர்க்கட்சியில் இருந்தவள் திடீரென்று முழுசாக அவர் கட்சிக்கு வந்துவிட்டாள். துரையைத் திட்டினாள், கம்பெனியைத் திட்டினாள், என்னைத் திட்டினாள். ஏர்போர்ட்டுக்கு வழியனுப்பப் போனேன். பிள்ளைகள் என்னிடம் ஒட்டிக்கொண்டார்கள், அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு பெட்டிக்குப் பிளாஸ்டிக் தாள் சுற்றுவதைப் பார்த்தாள். அண்ணன் என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"கல்யாணமாகி இப்பதாம்ல அவ என் பக்கம் நிக்கா. வேல போனாப் போகுது" என்றார். கண் கலங்கியிருந்தாலும் சிரித்தார்.

அக்காவும் பிள்ளைகளும் பாளையங்கோட்டையிலேயே தங்கிவிட்டார்கள். அண்ணனுக்குச் சில மாதம் கழித்து துபாய் ஜெபல் அலியில் ஒரு வேர்ஹவுஸில் வேலை கிடைத்தது. குடும்பம் கூட்டிப்போக முடியாது, கம்பெனி கேம்ப்பில்தான் தங்க வேண்டும். நான் கல்யாணம் முடித்து மனைவியோடு மங்காஃபுக்கு வந்தேன். அதே கட்டடம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பாளையங்கோட்டைக்கு போன் போடுவேன். எடுத்ததும், என்ன ஆஃபா, ராஜ்ஜியமெல்லாம் நல்லா நடக்கா என்பாள். மனைவியைக் கூப்பிடச் சொல்வாள், அவளிடம் பாசமாகப் பேசுவாள். என்னிடம் அதோடு சரி. சிரித்துக்கொண்டே வைத்துவிடுவேன். வைத்த பிறகு வலிக்கும். ஒரே ஒரு தடவை பழைய மாதிரி தம்பி என்று கூப்பிட மாட்டாளா என்று ஏங்கியிருக்கிறேன்.

இப்படியே பத்து வருஷம் ஆகப்போகிற சமயம் கம்பெனியை மூடிவிட்டார்கள். துரை அதற்கு முன்பே தன் ஊருக்குப் போய்விட்டார். கடைசியில் நின்றவர்களை எல்லாம் ஒரே நாளில் கலாஸ், முடிந்தது என்று அனுப்பினார்கள். ஊரில் யாருக்கும் நான் சொல்லவில்லை. ஜெபல் அலியில் அண்ணனுக்கு மட்டும் எப்படியோ விஷயம் போயிருக்கிறது. மனைவி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாத்திரங்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் தரையில் உட்கார்ந்து டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஊர் நம்பரிலிருந்து போன் வந்தது. ராஜ்ஜியம் போச்சாமே என்று கேட்கப்போகிறாள், கேட்கட்டும் என்றுதான் எடுத்தேன்.

"தம்பி" என்றாள் அக்கா. "சாப்ட்டியா? ஒண்ணும் கவலப்படாத. நான் இருக்கம்லா. அண்ணன்ட்ட சொல்லிட்டேன், அங்க ஒனக்கு ஒரு எடம் பாக்கணும்னு. தென்காசிக்காரங்க ஏதாவது பேசினாங்கன்னா எனக்கு போன் போடு, நான் வாரேன்."

யார் போனில் என்று மனைவி கேட்டாள். போனை அவள் கையில் கொடுத்துவிட்டு, குழந்தையை வாங்கிக்கொண்டேன்.